சர்வர் அறையில் காய்ந்த துணிகள்

ஊட்டியில் ஏசி கேட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜர் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார். "ஏனுங்க மேடம், சனங்க காசு குடுத்து குளுருக்காக இங்க வர்றாங்க. நீங்க அந்தக் குளுரை மிசின் வெச்சு உண்டாக்கோணும்ங்கறீங்க" என்றார். அவர் கோயம்புத்தூர்க்காரர். சித்திரை வெயிலில்கூட மங்கி குல்லாயைக் கழற்றாதவர். மனிதனுக்குக் குளிர்வதும் மிஷினுக்குச் சுடுவதும் வேறு வேறு என்று அவருக்குப் புரியவைக்க முடியவில்லை. "ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்படியே திறந்து வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஸ்கேன் படம் திறக்காவிட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் என் அறையில் இருக்கும் ஒரு பெட்டியில்தான் சேரும். மளிகைக்கடை இழுப்பறைகள் மாதிரி அதில் வரிசையாக டிஸ்க்குகள் செருகியிருக்கும். ஒரு படத்தை ஒரே டிஸ்க்கில் வைக்காமல், துண்டு துண்டாக்கி எல்லாவற்றிலும் பரப்பி வைக்கும் ஏற்பாடு அது. ஒரு டிஸ்க் செத்துப்போனால் மற்றவை அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும். வெளியில் யாருக்கும் எதுவும் தெரியாது, டாக்டர் கேட்ட படம் வழக்கம்போலத் திறக்கும். ஆனால் செத்ததை மாற்றுவதற்குள் இன்னொன்றும் போய்விட்டால் எல்லாம் போச்சு. எனவே முதல் டிஸ்க் போனதும் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.

பெட்டியும் வாயில்லாத பூச்சி இல்லை. கோளாறு என்றால் முன்பக்கத்தில் பச்சை விளக்கு சிவப்பாகும், கீச்சென்று கத்தும், எனக்கு மெயில் அனுப்பும். மூன்று வழியையும் நானே அடைத்தேன். அதுவும் ஒரே குளிர்காலத்தில்.

தை மாதம். குதிரைப் பந்தய மைதானம் விடியற்காலையில் உப்புக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும் நாட்கள். ஜன்னல் வழியாக உறைபனிக் காற்று நேராகப் பெட்டியின் முகத்தில் அடித்தது. அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் ஊட்டியைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. இவ்வளவு குளிர் ஆகாது, ஆகாது என்று அது கத்த ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் வார்டு. அந்த வார்டு சிஸ்டர் மூன்றாம் நாள் வாசலில் வந்து நின்று, "அந்தக் குருவியை நீங்க நிறுத்தறீங்களா, நான் வந்து ஒடைக்கட்டுமா?" என்றார். சத்தத்தை அணைத்தேன். மெயிலோ, வெயில் ஏறும் வரை வந்துகொண்டே இருக்கும். எல்லாம் குளிர், குளிர், குளிர். ஒருநாள் விரல் விறைத்த எரிச்சலில், அந்தப் பெட்டியிலிருந்து வரும் மெயில் எல்லாமே கண்ணில் படாமல் வேறொரு மூலைக்குப் போகும்படி செய்துவிட்டேன். குளிர் பற்றிய மெயிலை மட்டும் ஒதுக்கியிருக்கலாம். அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்திருக்கும், அவ்வளவுதான். பங்குனியில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். பங்குனி வந்தது, போனது. எனக்கு நினைவே வரவில்லை.

மிச்சமிருந்தது சிவப்பு விளக்கு. அதற்குப் பெட்டியின் முன்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். முன்பக்கம் ஜன்னலை ஒட்டிய சந்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டுதான் நுழைய முடியும், நுழைந்தால் பல் கிட்டித்துவிடும். பின்பக்கமோ விசிறிகள் வெதுவெதுவென்று காற்றைத் தள்ளும் இடம். இந்த ஊரில் எந்த முட்டாள் சூட்டை விட்டுவிட்டுக் குளிருக்குப் போவான்? நாற்காலியைப் பின்பக்கமே போட்டுக்கொண்டேன். மாதக்கணக்கில் அதன் முதுகில் குளிர்காய்ந்தேனே தவிர முகத்தைப் பார்க்கவில்லை.

எனக்கு வாய் நீளம். இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அத்தா ஊட்டி பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தவர். இப்போது தம்பி பார்க்கிறான். பேரம் பேசியே வளர்ந்த குடும்பம். எங்கள் வீட்டில் வாயில்லாதவர் யாருமே கிடையாது. டாக்டர்களிடமே எதிர்த்துப் பேசிப் பெயர் வாங்கியவள் நான். அந்த வாய் தேவைப்பட்ட ஒரே நாளில் என்ன செய்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஆனி முடிவில் மழை பிடித்தது. மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வந்து நிற்க ஆரம்பித்ததால் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தியதும் அறை சூடாகிவிட்டது. அப்பளம் பொரிக்கிற அளவுக்கு இல்லை. சொகுசான சூடு. மழைக்காலத்தில் ஊட்டியில் துணி காயாது. துவைத்தது காய்வதற்குள் நாற ஆரம்பித்துவிடும். அவரவர் வீட்டில் அவரவர் வித்தை: அடுப்புக்கு மேல் கொடி, கட்டிலுக்கடியில் கரிச்சட்டி, கடைசியாக இஸ்திரிப் பெட்டி. எனக்கு இந்த அறை. முதலில் பஸ்ஸில் நனைந்த சாக்ஸை நாற்காலி முதுகில் போட்டேன். அப்புறம் சால்வை. அலுத்துக்கொண்டிருந்தவளுக்கு மழைக்காலம் திடீரென்று பிடித்துப்போனது.

அடுத்த அறையில் பில்லிங் கவுண்டர். அங்கே இருந்த பெண் பிரசவ லீவு முடிந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். வீடு ஊட்டிக்குள்ளேயே, காந்தலில். கணவன் மேட்டுப்பாளையத்தில் லாரி ஓட்டுகிறான், நேரம் கிடைக்கும்போது வருவான். குழந்தையை மாமியார் பார்த்துக்கொள்கிறார். மதியம் ஒரு ஓட்டம் ஓடிப் போய்ப் பால் கொடுத்துவிட்டு, மூச்சு வாங்க வந்து உட்காருவாள். ஒருநாள் அவள் டீ பிளாஸ்க்குக்கு ஒரு சின்னக் குல்லாயைப் போர்த்தி வைத்திருப்பதைப் பார்த்தேன்.

"என்னடி, பிளாஸ்க்குக்குச் சளி புடிச்சிருக்கா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "புள்ளைக்கு மாத்தறதுக்கு ஒண்ணுகூடக் காயலீங்கக்கா. சூட்டுல இதாச்சும் காயுமான்னு பாத்தேன்."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தேன். பக்கச் சுவர் ஆணியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிக்கு, பெட்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி, நைலான் கயிறு கட்டினேன். முடிச்சும் நான் போட்டதுதான். அவள் கதவருகிலேயே நின்றாள்.

"மிசினுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களாக்கா?"

"போடி இவளே. இந்த மிசினை எனக்குத் தெரியாதா?"

அதை ஒரு தடவை மட்டும் கேட்டிருந்தால் மறந்திருப்பேன். மழை வலுத்த நாளெல்லாம் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் அதே பதிலைச் சொன்னேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதல் பெருமையோடு. அவள் துணிகளை வெளியே மாடிப்படிக்குப் போய் மறுபடி ஒருமுறை முறுக்கிப் பிழிந்து, ஒரு சொட்டு விழாது என்று உதறிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவருவாள். ரோஸ் நிறக் கால்சட்டை, காது மூடும் குல்லாய், பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்த சதுரங்கள். என் பிள்ளைகள் வளர்ந்து விடுதியில் இருக்கிறார்கள். அறை முழுக்கக் குழந்தை சோப்பு வாசனை அடித்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை யாரிடமும் சொன்னதில்லை. சாயங்காலம் அவள் வருவதற்குள் நானே மடித்து வைத்துவிடுவேன். மடிக்க அப்படி ஒன்றும் இருக்காது, கைக்குட்டை அளவுதான்.

ஆடி கடைசியில் ஒரு காலை, ஸ்கேன் அறையிலிருந்து போன் வந்தது. பழைய படம் எதுவும் திறக்கவில்லை என்றார்கள். எக்ஸ்ரே அறையிலும் அதே கதை. என் கம்ப்யூட்டரில் பார்த்தேன், பெட்டி இருக்கிறது, உள்ளே எதுவும் இல்லை. மாதங்களுக்குப் பிறகு அந்தச் சந்தில் உடம்பை ஒடுக்கி முன்பக்கம் போனேன். இரண்டு சிவப்பு விளக்குகள். ஒன்றென்றால் பிழைத்திருக்கும். இரண்டு. யா அல்லாஹ் என்று சுவரில் சாய்ந்துவிட்டேன்.

அப்போது வராந்தாவில் மேனேஜரின் ஷூ சத்தம் கேட்டது.

நான் என்ன செய்தேன் என்றால், சந்திலிருந்து வெளியே வந்து, கயிற்றில் கிடந்த என் சால்வையையும் சாக்ஸையும் உருவி, பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்தேன். குழந்தைத் துணிகளைத் தொடவில்லை. கை நீட்டினால் எட்டும். நேரமும் இருந்தது. யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் என் கைக்கு எது என்னுடையது, எது அவளுடையது என்று துல்லியமாகத் தெரிந்திருந்தது. இதை நினைத்தால் இன்றும் என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

மேனேஜர் உள்ளே வந்து கயிற்றைப் பார்த்தார். குல்லாயைக்கூடக் கழற்றிவிட்டார்.

"இதென்னுங்க மேடம், ஆஸ்பத்திரியா, வண்ணாந்துறையா? யாரு போட்டது?"

அவருக்குப் பின்னாலேயே அவள் வந்திருந்தாள். சத்தம் கேட்டுக் குழந்தைத் துணியை எடுத்துவிடலாம் என்று ஓடி வந்திருக்கிறாள். "நான்தாங்க சார்" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலேயே, "அக்கா மேல தப்பில்லீங்க சார். நானாத்தான் கொண்டாந்து போட்டேன்" என்றாள்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "இந்த ஈரத்துலதான் மிசின் போச்சுங்களா?"

"இருக்கலாம்ங்க" என்றேன்.

இவ்வளவுதான் நான் பேசியது. பொய் என்று யாரும் சொல்ல முடியாது, அந்த நிமிஷத்தில் எனக்குக் காரணம் தெரியாதுதான். ஆனால் கயிறு கட்டியது நான் என்று தெரியும். பிழிந்து உதறித்தான் போடுவாள் என்று தெரியும். ஊரையே பேசி விற்கிற குடும்பத்தில் பிறந்தவளுக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது. அவள் துணிகளை நெஞ்சோடு அள்ளிக்கொண்டு போனாள். ஒரு சதுரம் கீழே விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமைதோறும் எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து அலமாரியில் பூட்டி வைக்கும் பழக்கம் எனக்கு இருந்தது. அது ஒன்றுதான் எங்களைக் காப்பாற்றியது. அந்த வாரம் எடுத்த படங்கள் மட்டும் போயின. மாற்று டிஸ்க்குகளைச் செருகி, பெட்டியைப் புதிதாகக் கட்டி, நகலிலிருந்து திரும்ப ஏற்ற ஆரம்பித்தேன். அது மெதுவாக நடக்கிற வேலை. உட்கார்ந்திருக்கையில், அந்த மூலைக்கு ஒதுக்கிய மெயில்களைத் திறந்தேன்.

குளிர், குளிர், குளிர் என்று பக்கம் பக்கமாகப் போனது. பிறகு வெயில் காலம் வந்து மெயில்கள் நின்றிருந்தன. பிறகு மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஊர் பிதுங்கிக்கொண்டிருந்த சமயத்தில், புதிதாக ஒன்று: மூன்றாவது டிஸ்க் தடுமாறுகிறது. சில நாள் கழித்து: மூன்றாவது டிஸ்க் செயலிழந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் ஒன்று: பாதுகாப்பு இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன், டிஸ்க்கை மாற்றவும். கொஞ்சமும் கோபமில்லாமல், தினமும் அதே வார்த்தைகள். அது கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது.

நான் கயிறு கட்டியது மழை பிடித்த பிறகு. முதல் டிஸ்க் செத்தபோது அந்தக் குழந்தையின் துணி ஒன்றுகூட என் அறைக்குள் வந்ததில்லை. மற்ற டிஸ்க்குகள் எல்லாம் அதனுடன் ஒரே நாளில் வாங்கியவை, அதே வயது. வாரக்கணக்கில் செத்ததின் சுமையையும் சேர்த்து இழுத்து இழுத்து இரண்டாவதும் படுத்துவிட்டது. ஈரமும் இல்லை, துணியும் இல்லை. ஒரு மெயிலைப் படித்திருந்தால் போதும், அரை மணி நேர வேலை.

போன படங்களுக்காக அந்த வாரத்து நோயாளிகளை மறுபடி வரச் சொன்னோம். கிளென்மார்கனிலிருந்து ஒரு எஸ்டேட் தொழிலாளி, லீவு போட்டுவிட்டு, இருமிக்கொண்டே மழையில் வந்தார். எக்ஸ்ரே அறை வாசலில் நான் மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்லீங்க, மிசினுக்கும் முடியாம போகும்ல" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அறைக்கு ஓடிவிட்டேன்.

அந்த வாரத்திலேயே எனக்கு உண்மை முழுசாகத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பேச்சு தானாக அடங்கிவிடும் என்று நம்பினேன். பேச்சு அடங்கவில்லை, மாற்றல் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓவேலியில் ஒரு சின்ன கிளினிக் உண்டு. கூடலூரும் தாண்டிப் போக வேண்டும். மழை இங்கே பெய்வதைவிட அங்கே பேய் மாதிரி பெய்யும், இருட்டினால் யானை ரோட்டில் நிற்கும். அங்கே பில் போட யாரும் போகச் சம்மதிக்காமல் அந்த இடம் காலியாகவே கிடந்தது. அவளைப் போடச் சொல்லி உத்தரவு. தினமும் போய்வருகிற தூரமில்லை. வாரம் முழுக்க அங்கே தங்கி, சனிக்கிழமை இரவு குழந்தையிடம் வந்து, திங்கள் விடிவதற்குள் கிளம்ப வேண்டும்.

அவள் கயிற்றை அவிழ்க்க வந்தாள். என் முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள். "நீங்க சார்கிட்ட எனக்காக எதும் பேசிராதீங்கக்கா. உங்களுக்கும் கெட்ட பேரு வந்துரும்" என்றாள். பால் மறக்கடிக்க ஆரம்பித்திருப்பதாகச் சொன்னாள். ஒரு பக்கம் மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் அடித்துக்கொண்டிருந்தது அவளுக்கு.

அன்று மதியம் மேனேஜர் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மெயிலை ஒதுக்கியது, மே மாதம், சத்தத்தை அணைத்தது, கயிறு கட்டியது, என் சாக்ஸ் வரைக்கும். என்னை வேலையை விட்டே அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ வரவழைத்தார்.

"மே மாசம்னா சீசன் நேரம்ங்க மேடம். உங்களுக்கு எத்தனை வேலை. மனுசன்னா மறக்கறதுதானுங்களே."

"அப்ப அந்தப் பொண்ணோட ஆர்டரை மாத்திருங்க சார்."

"அது வேற விசயமுங்க. ஓவேலிக்கு ஆள் போட்டே ஆகோணும். மிசின் ரூமுல துணி காயப்போட்டது இல்லேன்னு ஆயிருமுங்களா?"

"கயித்தைக் கட்டினது நானுங்க சார்."

"சரி, உங்களை ஓவேலிக்கு அனுப்பிச்சுப்போட்டு, இந்தப் பொட்டியை நானா பாக்கறது?" என்று சிரித்தார். "ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க. உங்க ஏசிக்கும் சொல்லியாச்சுங்க. அடுத்த வாரம் வந்து மாட்டிருவாங்க."

என் தப்புக்கு எனக்கு ஏசி கிடைத்தது. இன்னும் வாதாடியிருக்கலாம், வாதாடுவது எனக்குத் தெரியாத வித்தை இல்லை. ஆனால் வெளியே வந்தபோது என் மனதில் இருந்தது நிம்மதி. நான் சொல்லிவிட்டேன், அவர் கேட்கவில்லை, இனி என் பொறுப்பில்லை என்ற கேவலமான நிம்மதி. சாத்திய கதவுக்குள் நான் சொன்னது அந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவள் போய்விட்டாள்.

அதன் பிறகு நான் திருந்திவிட்டேன், அதில் குறைவே இல்லை. காலையில் வந்ததும் சந்தில் நுழைந்து ஒவ்வொரு விளக்காகப் பார்க்கிறேன். எந்த டிஸ்க் எவ்வளவு சூடு, எது தயங்குகிறது, எதற்கு வயதாகிறது எல்லாம் எனக்கு அத்துப்படி. சத்தத்தை மறுபடி திறந்துவிட்டேன், வார்டு சிஸ்டரிடம் திட்டும் வாங்கிக்கொண்டேன். மாற்று டிஸ்க் ஒன்று எப்போதும் தயாராகக் காத்திருக்கிறது. அறை இப்போது ஏசியில் குளிர்ந்து கிடக்கிறது. ஈரக் குடையைக்கூட யாரும் உள்ளே கொண்டுவருவதில்லை. எல்லாரும் அவள் கதையைத்தான் எச்சரிக்கையாகச் சொல்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி என்னிடமே கேட்டாள், "குழந்தைத் துணி போட்டு மிசினை எரிச்சவங்க இங்கதான் வேலை செஞ்சாங்களா மேடம்?" என்று. எரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஐப்பசியில் ஓவேலி கிளினிக்குக்குப் புதுக் கம்ப்யூட்டர் வைக்க நான்தான் போக வேண்டியிருந்தது. அதைத் தள்ளிப்போடப் பார்த்தேன், முடியவில்லை. பஸ் கூடலூர் இறங்கும் வரை கண்ணை மூடியே உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து வேறு பஸ், பாதிப் பேர் மலையாளத்தில் சளசளத்துக்கொண்டு வந்தார்கள். தேயிலைச் சரிவுகள் நனைந்து கறுத்திருந்தன. கிளினிக் இரண்டே அறை. ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டாள். டீ போட்டுக் கொடுத்தாள், நனைந்த செருப்பை ஓரமாக எடுத்து வைத்தாள். நான் ஒயர்களை மாட்டிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள்:

"அந்த மிசின் இப்ப நல்லாருக்குதுங்களாக்கா?"

ஆஸ்பத்திரியில் கிடந்த சொந்தக்காரரைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டாள். இத்தனை மாதமாக அவள் அதைக் கொன்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். என் கையில் இருந்த ஒயரைக் கீழே வைத்துவிட்டேன்.

சொன்னேன். மேனேஜரிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. மே மாதத்திலேயே ஒரு டிஸ்க் செத்ததையும், மெயில் வந்ததையும், நான் பார்க்காததையும் சொன்னேன். "உன் துணியால ஒண்ணும் ஆகல. அந்த வாரமே எனக்குத் தெரியும். சார்கிட்ட அப்புறமா சொன்னேன், அவர் கேக்கல. உன்கிட்ட சொல்லல" என்றேன். என் சால்வையை மட்டும் எடுத்ததையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள், இல்லாவிட்டால் பரவாயில்லைங்கக்கா என்பாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்வதானால், அந்த மூன்றாவதைத்தான் எதிர்பார்த்தேன்.

வெளியே யாரோ மருந்துக்கு வந்தார்கள், அவள் எழுந்து போய்ச் சீட்டுப் போட்டுக் கொடுத்து, சில்லறை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"எங்க மாமியாரு லைன் வீடு பூராவும் சொல்லி வெச்சிருக்குதுங்கக்கா" என்றாள். "மருமவ ஆஸ்பத்திரி மிசினையே புகைய வெச்சுட்டு, அதுக்குத் தண்டனையா காட்டுக்குப் போயிருக்கறான்னு. போன சனிக்கெழமை போனேன். புள்ளை எங்கிட்ட வர மாட்டேங்குது. அழுவுது. 'பாத்தியா, உன் கைராசி'ங்குது அந்தம்மா. நானும் அப்புடித்தான் நெனச்சுட்டு இருந்தேன்."

பேசிக்கொண்டே போனை எடுத்து நம்பரைத் தட்டினாள். ஸ்பீக்கரில் போட்டாள். மணி அடிக்க ஆரம்பித்ததும் போனை என் கையில் வைத்தாள்.

"எங்கிட்டச் சொன்னதை அங்க சொல்லுங்கக்கா."

அந்தப் பக்கம் எடுத்தார்கள். டிவி சத்தம், அதற்கு மேலே ஒரு குழந்தை ஏதோ தட்டைத் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம். "ஏனுங்க, யாருங்க பேசறது?" என்றது ஒரு வயதான குரல்.

"நான் ஆஸ்பத்திரியில கம்ப்யூட்டர் பாக்கறவங்க. உங்க மருமகளோட வேலை செஞ்சவ. அந்த மிசின் கெட்டதுக்கு அவ காரணம் இல்லீங்கம்மா. துணி காரணம் இல்லீங்க. அவ துணி போடறதுக்கு முந்தியே அது கெட்டுப்போச்சு. எனக்குச் சேதி வந்துச்சு, நான் பாக்கலை. தப்பு என்னோடதுங்க. கயிறு கட்டிக் குடுத்ததும் நான்தாங்க."

டிவி சத்தம் நின்றது. குழந்தை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. மருமகள் மேல் சொன்னதற்கு வருத்தப்படுவார், என்னைச் சபிப்பார், எதற்கும் தயாராக இருந்தேன். அந்தம்மா அதற்கெல்லாம் நேரம் செலவழிக்கவில்லை.

"அப்புடீங்களா. சரிங்க" என்றார். "அப்ப அவளை எப்பங்க ஊட்டுக்கு அனுப்பிச்சு வெப்பீங்க? புள்ளை தேடுதுங்க."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தாள்.

"ஏனுங்க, கேக்குதுங்களா? எப்பங்க அனுப்புவீங்க?"

போனை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை.